கோல்ஃப் திடலில் மாப்பிள்ளை விசாரிப்பு

மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் நான் கோல்ஃப் ஆடினேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்புவதில்லை. "சும்மா அளக்காதீங்கக்கா" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. அளக்கவில்லை. ஸ்காட்லாந்தில், கடலை ஒட்டிய ஒரு பழைய மைதானத்தில், சேலைக்கு மேல் மகளுடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, காலில் அவளுடைய கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, கையில் ஓர் இரும்புத் தடியோடு நின்றேன். காற்று என் முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்திலேயே வாக்கப்பட்டு, மெரினாவுக்குப் போவதற்கே அரைநாள் யோசிக்கிறவள் நான். எனக்கு இதெல்லாம் தேவையா என்று அப்போது தோன்றத்தான் செய்தது.

எங்கள் மகள் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறேன் என்று போனில் சொன்னாள். "நேர்ல பாக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். துறைமுகம் பக்கம் எங்களுக்குக் கயிறு, தார்ப்பாய், பெயின்ட் விற்கிற கடை. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இத்தனை வருஷம் மெட்ராஸில் இருந்தும் பேச்சு மட்டும் மாறவில்லை. நான் வீட்டில் தெற்கத்தித் தமிழும் தெருவில் மெட்ராஸ் பாஷையும் பேசி வளர்ந்தவள்.

இதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் அவர் ஏன் அப்படிப் பதறினார் என்று புரியாது. மகளுக்கு ஏற்கெனவே ஒரு முறை கல்யாணம் செய்து வைத்தோம். நாங்கள் வேதக்காரர்கள், ஜாதகம் பார்க்கிற வழக்கம் இல்லை. அதற்குப் பதில் ஆளைத் தோண்டித் துருவி விசாரிப்போம். பையன் தெருவில் இருக்கும் டீக்கடை, முடிவெட்டும் கடை, ஆபீஸ் வாசலில் இருக்கும் வாட்ச்மேன், சர்ச்சில் மணி அடிக்கிறவர் என்று ஒருத்தரையும் விட மாட்டோம். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் பெண் கொடுத்தாலும் விசாரிப்புக்கு இவரைத்தான் அனுப்புவார்கள். அப்படிப்பட்ட ஆள் சொந்த மகளுக்கு விசாரிக்காமல் இருப்பாரா? ஒரு மாதம் அலைந்தார். எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் தங்கமான பையன் என்றார்கள்.

தங்கத்துக்குக் கல்யாணத்துக்கு முன்பே வேலை போயிருந்தது. அதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. தினம் காலையில் என் மகள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்பி, எங்கேயோ ஒரு பார்க்கில் உட்கார்ந்து தின்றுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வருவான். வந்து ஆபீஸ் கதை சொல்வான். மேனேஜர் திட்டினார், கூட வேலை செய்கிறவனுக்குப் பிறந்தநாள், கேக் வெட்டினோம் என்று. அந்தக் கதைகளை இவள் எங்களுக்குப் போனில் சொல்வாள், நாங்களும் சிரிப்போம். விஷயம் வெளியே வந்ததும் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். "வேலை போனதுக்காக வரலம்மா. தெனம் உக்காந்து கதை சொன்னான் பாரு, அதுக்குத்தான் வந்தேன். நான் ஒண்ணு விடாம நம்புனேன்" என்றாள். அதற்கப்புறம் கோர்ட்டு, அலைச்சல், விவாகரத்து. எல்லாம் முடிந்ததும் படிப்பைத் தூசி தட்டி, பரீட்சை எழுதி, வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் தேறிக்கொண்டாள். இவர்தான் தேறவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் கை நின்றுவிடும். "நான்தானட்டி விசாரிச்சேன்" என்பார். அதையே எத்தனை தடவை கேட்பது? சில நாள் எனக்கு ஆத்திரமாக வரும், சில நாள் அவரைப் பார்க்கவே சகிக்காது.

இப்போது வந்திருக்கிற பையன் எங்களுக்கு வடக்கே கடலோரத்து விம்கோ நகர்க்காரன். மின்சாரம் எடுக்கக் கடலுக்குள் நட்டிருக்கிற ராட்சதக் காற்றாடிகளைப் பழுது பார்க்கிற வேலை. வேறு சாதி, வேறு சாமி. பழைய காலமாக இருந்தால் இவர் வீட்டையே இரண்டாக்கியிருப்பார். "எல்லாம் பொருந்தி வந்ததுல என்னத்தக் கிழிச்சோம்" என்று அதை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆனால் மெட்ரோ ஏறி விம்கோ நகருக்குப் போய் விசாரிப்பதை மட்டும் விடவில்லை. திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"இன்னாங்க, ஏதாவது கோளாறா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்ல பையன்னுதான் சொல்லுதாவ."

"அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க?"

"அன்னைக்கும் இப்படித்தானட்டி சொன்னாவ" என்றார்.

எனக்குள்ளும் அதே பயம்தான் இருந்தது. இந்தப் பையனும் பொய் சொல்கிறவனாக இருந்துவிட்டால் என் பெண் இன்னொரு தடவை எழுந்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லக்கூடப் பயந்தேன்.

அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள்தான் கோல்ஃப். நல்ல ஓட்டலில் உட்கார்ந்து பேசலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, அவருக்கு நாற்காலில உக்காந்தா பேச்சு வராது. நடந்துகிட்டே பேசலாம்" என்றாள் மகள். மைதானத்து வாசலில் பையன் நின்றுகொண்டிருந்தான். உயரம் கம்மி, கறுத்த முகம், காற்றில் வெடித்த உதடு. எங்களைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"வாங்க அண்ணாச்சி!" என்றான்.

எங்கள் பக்கத்தில் தெற்கத்திக் கடைக்காரர்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பழக்க தோஷத்தில் வாய் தவறிவிட்டது. மகள் முழங்கையால் அவன் விலாவில் இடித்தாள். "சாரி அங்கிள். வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி" என்று திருத்திக்கொண்டான். இவர் சிரிக்கவே இல்லை. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது.

டிவியில் காட்டுகிற கோல்ஃப் மைதானம் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படியெல்லாம் இல்லை. மரம் ஒன்றுகூடக் கிடையாது. கடலுக்கும் வயலுக்கும் நடுவே மேடும் பள்ளமுமாக மணல் நிலம், அதன்மேல் குட்டையாகப் புல். அங்கங்கே ஆளை முழுங்குகிற மாதிரி மணல் குழிகள். ஓரமெல்லாம் மஞ்சள் பூப் பூத்த முள் புதர். ஊர்க்காரர்கள் பாட்டுக்கு நாயைப் பிடித்துக்கொண்டு நடுவே நடக்கிறார்கள். பணக்காரர்கள் இடமாக்கும் என்று கூசிக்கொண்டு போன எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இத்த லிங்க்ஸ்னு சொல்வாங்க அங்கிள்" என்றான் பையன். "நேத்து இன்னிக்குப் போட்ட கிரவுண்டு இல்ல. இங்க இருக்கறவங்களோட தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலேர்ந்து ஆடிகினு கீறாங்க. தண்ணி ஊத்தி வளத்த புல்லு இல்ல, தானா மொளச்சது. மரம் கெடயாது, காத்துதான் பேஜாரு. பந்து எங்க வுழுதோ அங்கேர்ந்துதான் அடிக்கணும். நல்ல எடத்துக்கு நவுத்தி வெச்சிகினு அடிச்சா அழுகுணி ஆட்டம்."

இவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. ஆட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மரக்குடில், அதற்குள் ஆட வருகிறவர்களை வரிசையாக அனுப்பி வைக்கிற ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இவர் நைசாக அங்கே போய்விட்டார். துறைமுகத்து மாலுமிகளிடம் பேசிப் பழகிய கடை இங்கிலீஷில், "இந்தப் பையன் எப்படி?" என்று கேட்டார். பெரியவர் ரொம்ப நேரம் யோசித்துப் பதில் சொன்னார். மகள் ஓடிப்போய்க் கேட்டு வந்து, "காத்துல பந்தை ரொம்ப ஒசரமா அடிக்கிறானாம்ப்பா. அதைக் குறைச்சுக்கணுமாம்" என்றாள். இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். டீக்கடை கிடையாது, வாட்ச்மேன் கிடையாது, இருக்கிற ஒரே ஆள் பந்தைப் பற்றிப் பேசுகிறார். மனிதர் எங்கே போய் விசாரிப்பார்?

ஆடத் தொடங்கினோம். பையன் அன்றைக்குக் கார்டு வைத்துக்கொண்டு ஆடினான். கொடி நட்ட ஒவ்வொரு குழிக்குள்ளும் பந்தைப் போட எத்தனை தடவை அடித்தான் என்று அந்த அட்டையில் எழுதி, ஆட்டம் முடிந்ததும் குடிலில் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை குறையக் குறைய நல்லது. அவனே எழுதக் கூடாது, கூட ஆடுகிறவர் எழுத வேண்டுமாம். மகள் எழுதினாள். அவளும் சுமாராக ஆடுகிறாள், அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்களுக்குக் கணக்கு வழக்கு ஒன்றும் இல்லை, இஷ்டத்துக்கு ஆடலாம், பின்னால் யாராவது வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்றான்.

என் முதல் அடியில் பந்து அசையவில்லை. புல்லோடு ஒரு கட்டி மண் பெயர்ந்து பறந்தது. பையன் ஓடிப்போய் அதை எடுத்து வந்து, வெட்டுப்பட்ட இடத்திலேயே வைத்துக் காலால் அழுத்தினான். "பேத்தவங்கதான் மறுபடி வெக்கணும் ஆன்ட்டி. இந்த வாட்டி நான் வெச்சிடறேன்" என்றான். அதற்கப்புறம் நான் பெயர்த்ததை எல்லாம் நானே வைத்தேன். நிறைய வைத்தேன். அப்புறம் சின்ன வயதில் சந்தில் கில்லி ஆடியதை நினைத்துக்கொண்டு, மணிக்கட்டைத் தளர்த்தி ஒரு தட்டுத் தட்டினேன் பாருங்கள், டொக்கென்று ஒரு சத்தம், பந்து காற்றில் போய்க்கொண்டே இருக்கிறது! அது போன திசையில் ஒரு வெள்ளைக்காரர் நாயோடு நடந்துகொண்டிருந்தார். பையன் "ஃபோர்!" என்று கத்தினான். அங்கே அதுதான் எச்சரிக்கைச் சொல்லாம். எனக்கு அது எங்கே வரும்? "ஒத்திக்கோ! ஒத்திக்கோப்பா!" என்று துறைமுகத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். மனிதர் தலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். பந்து தாண்டிப் போய் விழுந்தது. எழுந்து என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார், நான் கும்பிட்டேன்.

"ஆன்ட்டி, செம்ம அடி!" என்றான் பையன். ஆண்டவரே, எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் பயமும் கூடவே வந்தது.

பையன் நன்றாக ஆடினான். பேசிக்கொண்டே வந்தவன் பாதிக்கு மேல் பேச்சைக் குறைத்துவிட்டான். கடைசி மூன்று குழி இருக்கும்போது மகள் என் காதில், "இப்படியே முடிச்சா அவர் ஆடுனதுலயே இதுதான் பெஸ்ட்டும்மா. பேச்சுக் குடுக்காத" என்றாள். அங்கேதான் வந்தது வினை. அவன் அடித்த பந்தைக் காற்று அப்படியே தள்ளிக்கொண்டுபோய் வலப் பக்கத்து முள் புதருக்குள் போட்டது. நாங்கள் எல்லாரும் பார்த்தோம். "போச்சு" என்றான். முள்ளுக்குள் கிடந்தால் ஒரு அடி அபராதம் போட்டுக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும்.

மகள் பந்து இடப் பக்கம் கிடந்தது. அவனும் அவளும் அதைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். "நான் ஓம் பந்தைப் பாக்குதேன் தம்பி" என்று இவர் புதரை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். பின்னாலேயே நானும் போனேன். குனிந்து பார்த்தார். பந்து உள்ளே முள்ளுக்கடியில் கிடந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். காலை உள்ளே விட்டு, ஷூ நுனியால் மெல்லத் தள்ளித் தள்ளி, வெளியே நல்ல புல்லில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் பார்ப்பதைப் பார்த்ததும், பேசாதே என்று கண்ணைக் காட்டினார்.

அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. கடைக்குப் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் அவர் செய்கிற காரியம் அது. ஒரு கட்டுக் கயிறு கொண்டுபோய்ப் போடச் சொல்லி, வண்டியில் தெரியாத மாதிரி இரண்டு கட்டு ஏற்றிவிடுவார். "அண்ணாச்சி, ஒண்ணு கூடவே கீது" என்று திரும்பி வந்தால் வேலை நிச்சயம். வராவிட்டால் அந்த வாரத்தோடு கணக்கு முடிந்தது. மாப்பிள்ளையாக வரப்போகிறவனை இப்படியா சோதிப்பது? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவன் என்ன செய்வான் என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

பையன் வந்தான், பின்னாலேயே மகளும் வந்தாள். அவன் பந்தைப் பார்த்தான், குனிந்து அதில் போட்டிருந்த நீலப் புள்ளியைப் பார்த்தான். அப்புறம் புதரைப் பார்த்தான்.

"அங்கிள், என் பந்துதான். ஆனா முள்ளுக்குள்ள போனத பாத்தேனே. வெளில எப்டி வந்துச்சு?"

"இங்ஙனதான் கெடந்துச்சு தம்பி. எதுலயாவது பட்டுத் தெறிச்சிருக்கும்."

அவன் நிமிர்ந்து நேராக இவர் முகத்தைப் பார்த்தான். "நீங்க வந்தப்பவே இங்கதான் இருந்துச்சா?"

"ஆமா."

"அப்ப சரி அங்கிள்" என்று சொல்லிவிட்டு அடித்தான். பந்து அழகாகப் போய்க் கொடிக்குப் பக்கத்தில் நின்றது. அடுத்த தட்டில் குழிக்குள் விழுந்தது. மகள் கார்டில் எழுதினாள். பையனுக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தியாட்டி? சத்தமில்லாம எடுத்துக்கிட்டான்" என்றார் இவர் என்னிடம். அவ்வளவுதானா, இவனும் அவ்வளவுதானா என்று நினைத்தேன்.

பையன் அடுத்த குழிக்கு முன்னால் போய்விட்டான். மகள் பின்தங்கி எங்களோடு நடந்தாள். கடையில் வளர்ந்த பெண் அவள், அப்பாவின் வித்தை எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"அப்பா, காலால தள்ளுனீங்களா?"

இவர் தன் ஷூ நுனியைப் பார்த்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவர் கேட்டார்ப்பா. உங்க மூஞ்சியைப் பாத்து ரெண்டு தடவை கேட்டார். நீங்க பொய் சொன்னீங்க, அவர் நம்பிட்டார்." என் பக்கமும் திரும்பினாள். "நானும் அப்படித்தானே நம்புனேன்? நம்புனது என் தப்பா?"

இவர் அப்படியே நின்றுவிட்டார். அடித்துப் போட்ட மாதிரி இருந்தார். பெண்ணைத் தொடக் கையைத் தூக்கினார், தொடாமலே இறக்கிக்கொண்டார். யார் பொய் சொல்வார்கள் என்று பயந்து கடல் தாண்டி வந்தோமோ, அந்தப் பொய்யை நாங்களே சொல்லிவிட்டு நின்றோம். அவர் சொன்னார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் இவர் நடந்தார். நடந்தார் என்ன, கிட்டத்தட்ட ஓடினார். பையன் அடுத்த அடிக்காக மட்டையை ஓங்கிவிட்டான். ஒருத்தர் அடிக்கும்போது மூச்சுக்கூட விடக் கூடாது என்பது அங்கே சட்டம்.

"தம்பி, நில்லு!" என்று கத்தினார் இவர்.

பையன் மட்டையை இறக்கினான்.

"ஓம் பந்து முள்ளுக்குள்ளதான் கெடந்துச்சு. நான்தான் காலால தள்ளுனேன். நீ என்ன செய்யுதன்னு பாக்கணும்னு தள்ளுனேன். கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

பையன் ஒன்றும் புரியாமல் இவரையே பார்த்தான். புரிந்ததும் அவன் முகம் மாறியது பாருங்கள், நான் ஒரு எட்டுப் பின்னால் போய்விட்டேன்.

"கேட்டேன் இல்ல அங்கிள்? நேரா மூஞ்சப் பாத்துக் கேட்டேன் இல்ல? இன்னா அங்கிள் இது கலீஜான வேலை! டெஸ்ட் பண்றதுக்கு நான் இன்னா உங்க கடைக்கு வேலைக்கா வந்துகீறேன்? உங்க வயசுக்கு நான் இன்னா சொல்றது?"

மகள் மெல்ல, "ரூல்படி பாத்தா உங்க மேல தப்பு இல்ல. தெரியாமதானே அடிச்சீங்க. கார்டு செல்லும்" என்றாள்.

"ரூலுக்குச் செல்லும். எனக்கு இப்ப தெரியும்ல? இத்த எப்டி நான் கொண்டுபோய்க் குடுப்பேன்?" அவள் கையிலிருந்து கார்டை வாங்கி, நாலாக மடித்துப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டான். பந்தை ஓங்கி ஒரு அடி அடித்தான். அது எங்கேயோ மணலில் போய் விழுந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

நான் சொன்னால் விசித்திரமாக இருக்கும். அவன் கத்திவிட்டுப் போன அந்த நிமிஷம் எனக்கு அப்பாடா என்று இருந்தது. முன்னால் கட்டினவனுக்குக் கோபமே வராது. சாந்த சொரூபி என்று நாங்களே ஊரெல்லாம் பெருமை பேசினோம். உள்ளே என்ன ஓடுகிறது என்று கடைசிவரை ஒருத்தருக்கும் தெரியவில்லை. இவனுக்கு உள்ளே இருப்பது முகத்திலும் வாயிலும் வந்துவிடுகிறது. மாமனாராக வரப்போகிறவர் என்றுகூடப் பார்க்கவில்லை. இப்படிப்பட்டவன் பார்க்கில் உட்கார்ந்துவிட்டு வந்து ஆபீஸ் கதை சொல்வானா? அவனால் முடியாது.

மகள் அவன் பின்னால் ஓடிச் சமாதானம் செய்யவில்லை. அவள் பாட்டுக்குத் தன் பந்தை அடித்துக்கொண்டு வந்தாள். இவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தார். கோபம் ஆறுகிறபோது ஆறட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கடைசிக் குழியில் கொடியைப் பிடுங்கிப் பிடித்துக்கொண்டு பையன் நின்றான். நாங்கள் வந்து சேர்ந்ததும், "அங்கிள், எனக்கு இன்னும் கோவம் கீது" என்றான். "இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க ஏன் செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும். இவங்க எல்லாத்தையும் சொல்லிகீறாங்க. இனிமே எதுனா தெரிஞ்சிக்கணும்னா என்னாண்டயே கேளுங்க."

"இப்பவே கேக்கட்டா?" என்றார் இவர்.

"கேளுங்க."

"எம்பிள்ளைகிட்ட எதையாவது மறச்சிருக்கியா?"

இல்லை என்று டக்கென்று சொல்வான் என்றுதான் நான் நினைத்தேன். அவன் வாயைத் திறந்தான், மூடினான். கொடிக் கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். காதைச் சொறிந்தான். மகளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு மறச்சிகீறேன்" என்றான். கடலைக் காட்டினான். தூரத்தில் காற்றாடிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. "அங்க போறப்ப எனக்கு பயம் அங்கிள். படகு அலைல தூக்கறப்போ கரெக்டா அந்த இரும்பு ஏணிக்குத் தாவணும். தாவற வரைக்கும் கை காலு நடுங்கும். முக்காவாசி நாளு வாந்தி எடுத்துட்டுதான் ஏறுவேன். கரைக்குத் திரும்பி வந்து இவங்களாண்ட, சூப்பரா கீது, ஜாலியா கீதுன்னு சொல்லிகினு கீறேன்."

"ஏன் சொல்லல?" என்றாள் மகள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"கடலோரத்துப் பையன் கடலுக்குப் பயப்படறான்னு நெனப்பியேன்னு."

"லூசு" என்றாள். கொடிக் கம்பைப் பிடித்திருந்த கையின்மேல் தன் கையை வைத்தாள். "நாளைக்குப் போறப்ப பயமா இருந்தா எனக்கு போன் பண்ணு. நைட் டூட்டியா இருந்தாலும் எடுப்பேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இவ்வளவுதானா ராசா, இதையா மறைத்தாய் என்று அவன் கன்னத்தைப் பிடித்துக் கிள்ள வேண்டும் போல் இருந்தது. திரும்பி இவரைப் பார்த்தேன். ரொம்ப நாளாகக் கூனிப்போயிருந்த முதுகு நிமிர்ந்திருந்தது.

"தம்பி, உங்க அப்பா நம்பரைக் குடு" என்றார்.

இரண்டு மாதமாக நானும் மகளும் கெஞ்சியும் வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த நம்பர் அது. பையன் தன் போனிலேயே போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி இவர் கையில் கொடுத்தான். ஊரில் அப்போது சாயங்காலம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் பின்னால் லாரி ஹாரன் சத்தத்தோடு ஒரு ஆண் குரல், "சொல்லு நைனா, சாப்ட்டியா?" என்றது.

"நான் பொண்ணோட அப்பா பேசுதேன்" என்றார் இவர். "கல்யாணப் பேச்சை நீயே பேசுட்டி" என்று போனை என்னிடம் நீட்டிவிட்டார்.